தெருவோரத்துப் புதையல் யாருடையது?

(நெல்லிவாசல்நாட்டில், மலைவாழ் கூலி விவசாயிகளும், சமவெளி மில்களில் வேலை செய்து விடுமுறைக்கு ஊர் வந்திருந்த தொழிலாளிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை.)



கூலி உயர்வு பற்றியும், நிலப்பட்டா பற்றியும், மலைப்பாதை பற்றியும் முன்னால் பேசிய தோழர்கள் விவரமாகச் சொல்லிவிட்டார்கள். அதையே திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள நாம் விரும்பவில்லை. நாம் ஒரு கட்டிலைப் பற்றிப் பேசப் போகிறோம். இந்த ஊரில் பலருக்கு அந்தக் கட்டிலைத் தெரியும். சில நாளாக அதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்றும் கேள்விப்பட்டோம். ஆகவே சபையில் வைத்தே பேசிவிடுவது நல்லது.

கட்டில் மலையேறிய கதை

விஷயம் இதுதான். நம் மலைப் பையன்கள் மூன்று பேர் சென்னையில் கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து திரும்பும்போது, ஓர் அடுக்குமாடி வீட்டு வாசலில் இரும்புக் கட்டில் ஒன்று கிடந்தது. பக்கத்தில் கால் உடைந்த நாற்காலி, ஒரு மூட்டைத் துணி, பழைய மெத்தை. மறுநாள் காலை கார்ப்பரேஷன் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும் என்று காவல்காரர் சொன்னார். பையன்கள் கட்டிலைத் தட்டிப் பார்த்தார்கள். கெட்டியான ஆங்கிள் இரும்பு. ஒரு காலில் மட்டும் வெல்டிங் விட்டிருந்தது. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். "எடுத்துக்கிட்டுப் போங்கப்பா" என்றார் காவல்காரர்.

தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தாண்டியதும் ரோந்துப் போலீஸ் நிறுத்தியது. எங்கே திருடியது என்று கேள்வி. கட்டிலோடு விடியும்வரை உட்கார வைத்தார்கள். காலையில் அந்த வீட்டு அம்மாள் நேரில் வந்து, "நாங்கதான் வெளியே போட்டோம், பையன்களை விடுங்க" என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். மூன்று பேருக்கும் அன்றைய கூலி போயிற்று. தெருவில் கிடந்தவரை அது குப்பை. ஏழையின் தோளில் ஏறியதும் அது திருட்டுச் சொத்து! இந்த விசித்திரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

பிறகு அந்தக் காலுக்கு வெல்டிங் வைத்து, போல்ட்டுகளைக் கழற்றி, திருப்பத்தூர் வரை லாரியில் ஏற்றி, அங்கிருந்து மலைப்பாதையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பனிக்காலத்தில் ஈரத் தரையில் படுத்து, காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் தாயாருக்கென்று கொண்டுவந்தார்கள். ஆனால் தகப்பனார் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "எவன் செத்த கட்டிலோ! எவன் கழிச்சுப் போட்டதோ! அதுல என் வீட்டுப் பொம்பளை படுக்கணுமா?" என்றார். கட்டில் பதினைந்து நாள் வெளியே மழையில் கிடந்தது. பெரியவர் எங்களிடம் வந்து கேட்டார்: "ஏன் தம்பி, உரிமை, மானம்னு மேடை போட்டுப் பேசுறீங்களே, பணக்காரன் வீசுனதைப் பொறுக்கிக்கிட்டு வர்றதுதான் நீங்க சொல்லிக் குடுக்குற மானமா?"

இது நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் இன்று நிற்கிறோம்.

வெட்கம் யாருக்கு?

பெரியவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. தஞ்சை ஜில்லாவில் பண்ணையாள் முறை இருந்த காலத்தில், பண்டிகை வந்தால் மிராசுதார் தன் பண்ணையாளுக்குத் துணி கொடுப்பார். வீட்டில் விசேஷம் என்றால் மிச்சச் சோறு கொடுப்பார். வாங்கிக்கொண்டவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கூலியைக் கூட்டிக் கேட்டால், 'என் துணியைக் கட்டிக்கொண்டு என்னையே எதிர்க்கிறாயா' என்ற பேச்சு வரும். சாணிப்பாலும் சவுக்கடியும் நடந்த காலம் அது. 1940-களில் தோழர் பி. சீனிவாச ராவ் அங்கே போய், அந்த மக்களோடு மக்களாக இருந்து விவசாயிகள் சங்கத்தைக் கட்டினார். தலை நிமிர்ந்து கேட்க வேண்டியது கூலி. கை நீட்டி வாங்குவது இனாம். இந்த வித்தியாசத்தைச் சங்கம் அங்கே கற்றுக் கொடுத்தது.

இனாம் கொடுப்பவனின் பொருளோடு ஒரு கயிறும் கூடவே வருகிறது. அந்தக் கயிறு நம் கழுத்தில் விழுகிறது. ஆனால் தெருவில் கிடந்த கட்டிலில் அந்தக் கயிறு இல்லை. நம் பையன்கள் யாரிடமும் கை நீட்டவில்லை, யாரையும் கும்பிடவில்லை. வேண்டாம் என்று ஒருவர் வெளியே போட்டதை, கேட்டு எடுத்து, தங்கள் கையால் சரி செய்து, தங்கள் செலவில் கொண்டுவந்தார்கள். இதில் வெட்கம் எங்கே வந்தது?

வெட்கம் வேறோர் இடத்திலிருந்து வருகிறது, தோழர்களே. குப்பையைத் தொடுவது இன்ன சாதியின் வேலை என்று நம் சமுதாயம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அருந்ததிய மக்களின் தலையில் அந்தக் கூடையை ஏற்றிவிட்டு, ஏற்றியவர்களே அவர்களைத் தீட்டு என்றார்கள். அந்தத் தீட்டு எண்ணம்தான் நமக்குள்ளும் புகுந்துகொண்டு, பழைய கட்டிலைக் கண்டதும் முகத்தைச் சுளிக்க வைக்கிறது. குப்பையை உண்டாக்குபவனுக்கு வெட்கமில்லை. அதைச் சுத்தம் செய்பவனுக்கு வெட்கமா?

இந்த மலையின் பழக்கத்தையே பாருங்கள். ஜவ்வாது மலையில் சில ஊர்களில் மரத்தடியில் வழவழப்பான கற்களைப் பிள்ளையார் என்று வைத்துக் கும்பிடுகிறோம். ஆராய்ச்சி செய்தவர்கள் வந்து பார்த்து, இவை புதிய கற்காலத்து மனிதர்கள் தேய்த்துச் செய்த கற்கோடாரிகள் என்று சொன்னார்கள். கொல்லையில் உழும்போது கிடைத்த பழைய கருவியை நம் முன்னோர் வீசி எறியவில்லை; எடுத்து வைத்தார்கள். உழைப்பவனின் கைப்பட்ட பொருளுக்கு மதிப்பு உண்டு என்பது இந்த மலைக்குப் புதிய உபதேசம் அல்ல.

ஒன்றை மட்டும் பெரியவரிடம் முழு மனதாக ஒப்புக்கொள்கிறோம். கூலிக்குப் பதிலாகக் கட்டில் அல்ல. 'ஏழைக்கு வேண்டியது எல்லாம் பணக்காரன் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறதே, பிறகு கூலி உயர்வு எதற்கு' என்று எவனாவது சொன்னால், அவன் அந்தப் பழைய மிராசுதாரின் வாரிசு. புதுக் கட்டில் வாங்கும் அளவுக்குக் கூலி வேண்டும் என்ற நம் கோரிக்கையில் ஒரு பைசாவும் குறையாது.

குப்பையில் கிடப்பது உழைப்பு

இந்தக் கட்டிலை யார் செய்தது? சுரங்கத்தில் தாது வெட்டியவன் ஒருவன். உலையில் உருக்கியவன் ஒருவன். பட்டறையில் வளைத்தவன் ஒருவன். ஒரு காலில் வெல்டிங் விட்டதால் இவர்களின் உழைப்பு எல்லாம் மறைந்துவிட்டதா? இல்லை, அப்படியே இருக்கிறது. பத்து நிமிஷ வேலைக்காகக் காத்திருக்கிறது.

முதலாளி வர்க்கத்துக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். நன்றாகத் தெரியும். எங்கெல்ஸ் 1894-ல் வெளியிட்ட 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில், உற்பத்தியில் விழும் கழிவு எப்படி மறுபடி லாபமாக மாறுகிறது என்று மார்க்ஸ் தனியாகவே எழுதியிருக்கிறார். பழைய கம்பளிக் கந்தலைக் கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூற்று நெய்யும் தொழில் இங்கிலாந்தில் இருந்தது. 'ஷாடி' என்று பெயர். 1862-ஆம் வருஷக் கடைசியில், இங்கிலாந்துத் தொழிற்சாலைகள் உபயோகித்த கம்பளியில் மூன்றில் ஒரு பங்கு இந்தக் கந்தல் கம்பளி என்று கணக்குக் காட்டுகிறார்.

அந்தக் கந்தலைப் பிரித்தவர்கள் யார்? அதையும் 1867-ல் வந்த முதல் பாகத்தில் மார்க்ஸ் எழுதியிருக்கிறார். பெண்களும் சிறுமிகளும். உலகத்தின் பல மூலைகளிலிருந்து கப்பலில் வந்த கந்தலை அவர்கள் கையால் பிரித்தார்கள். அந்தத் துணியில் ஒட்டி வந்த அம்மை நோய் முதலில் அவர்களைத்தான் பிடித்தது. லாபம் ஆலைக்கு, அம்மை பெண்களுக்கு. கதை இன்றும் மாறவில்லை.

இங்கே உட்கார்ந்திருக்கும் மில் தொழிலாளத் தோழர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. புளோ ரூமில், கார்டிங்கில், கோம்பரில் விழும் கழிவுப் பஞ்சை எந்த முதலாளியாவது வெளியே கொட்டுகிறாரா? மூட்டை கட்டி, எடை போட்டு விற்கிறார். கோவை, திருப்பூர் வட்டாரத்து ஓ.இ. மில்கள் அந்தக் கழிவுப் பஞ்சில்தான் ஓடுகின்றன. பனியன் கம்பெனியில் விழும் வெட்டுத் துணியும் மறுபடி நூலாகிறது. நாம் குடித்துவிட்டுப் போடும் தண்ணீர் பாட்டிலை உருக்கி இழுத்தால் பாலியஸ்டர் பஞ்சு. வடக்கே ஹரியானாவில் பானிபட் என்ற ஊர், பல நாடுகளில் கழித்துவிட்ட பழைய உடைகளைக் கிழித்துக் கம்பளிப் போர்வை செய்வதற்கே பெயர் போனது.

முதலாளி எடுத்தால் அதற்குப் பெயர் மறுசுழற்சித் தொழில். கூலிக்காரன் எடுத்தால் அதற்குப் பெயர் பொறுக்கித்தனம்! இதை ஒப்புக்கொள்ள முடியுமா?

சனிக்கிழமை வண்டி

இனி அந்தக் கார்ப்பரேஷன் வண்டிக்கு வருவோம். மேல்நாடுகளில் இது பழைய ஏற்பாடு. குறித்த நாளில் வீட்டுக்காரர்கள் பழைய சோபா, அலமாரி, மெத்தை எல்லாவற்றையும் தெருவோரத்தில் வைப்பார்கள். முனிசிபல் லாரி வந்து எடுக்கும். அதற்கு முந்திய இரவில் தொழிலாளிகளும், மாணவர்களும், பிழைக்க வந்த அயல்நாட்டாரும் தெருத் தெருவாகப் போய், நல்லதைத் தேர்ந்து எடுத்துக் குடும்பத்தை அமைத்துக்கொள்வார்கள். வாடகை வீட்டின் முதல் மேஜை, குழந்தையின் முதல் தொட்டில் இப்படி வந்த குடும்பங்கள் அங்கே ஏராளம்.

சென்னையில் இந்த ஏற்பாடு 2025 அக்டோபரில் தொடங்கியது. பழைய சோபா, கட்டில், மெத்தை, துணி, மின்சாரச் சாமான் இவற்றை முன்கூட்டிப் பதிவு செய்தால், சனிக்கிழமை வண்டி வீட்டுக்கு வந்து எடுக்கும் என்று கார்ப்பரேஷன் அறிவித்தது. பழைய சாமான் கால்வாயிலும் காலி மனையிலும் போய் விழாமல் இருக்க இது நல்ல காரியம்தான். இதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் எடுத்ததை எங்கே கொண்டுபோவது என்றார்கள்? எரியுலைக்கு! விஞ்ஞான முறைப்படி எரிப்போம் என்றார்கள். மண்ணோடு போன மெத்தையை எரிக்கட்டும். தேக்கு நாற்காலியையும், பத்து நிமிஷ வெல்டிங்குக்குக் காத்திருக்கும் கட்டிலையும் யார் பிரித்து எடுப்பது? பள்ளிக்கூடத்து விடுதியில் பிள்ளைகள் தரையில் படுத்திருக்கும் நாட்டில், நெருப்புக்கு முன்னால் ஒரு மனிதனின் கண் அதைப் பார்க்க வேண்டாமா?

சென்னை ஒரு நாளில் கழிப்பது 5,000 டன்னுக்கும் மேல். பல பத்தாண்டுகளாக அது தெற்கே பெருங்குடியிலும் வடக்கே கொடுங்கையூரிலும் போய் விழுந்தது. பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே ஏறி நின்றது. அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சார் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. கொடுங்கையூரைச் சுற்றி இருப்பவர்கள் யார்? வடசென்னைப் பாட்டாளி மக்கள். அங்கே பெரிய எரியுலை வைக்கப் போகிறோம் என்றதும் 2025 மே மாதம் அந்த மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். தென்சென்னை மாடியில் கழித்த சோபாவின் புகையை வடசென்னைக் குழந்தை ஏன் சுவாசிக்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதான்.

குப்பையை அள்ளும் தொழிலாளியின் நிலை என்ன? 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைத் தொழிலாளர்கள், எங்களைக் காண்டிராக்ட் கம்பெனியிடம் தள்ளாதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. நம் பையன்களைக் கட்டிலோடு நிறுத்தியதும், அந்தத் தாய்மார்களை நள்ளிரவில் வண்டியில் ஏற்றியதும் தனித்தனி விஷயங்கள் அல்ல. குப்பையில் பணம் இருக்கிறது என்று முதலாளி கண்டுபிடித்த நாளிலிருந்து, குப்பையைத் தொட்டவனைத் துரத்துவது தொடங்கிவிட்டது.

இது புதிய கதையும் அல்ல. பாரிஸ் நகரத்தில் 1883-ல் பூபெல் என்ற அதிகாரி, ஒவ்வொரு வீட்டிலும் மூடியோடு குப்பைத் தொட்டி வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். சுகாதாரத்துக்கு நல்லதுதான். ஆனால் இரவு முழுவதும் கூடையும் விளக்குமாகத் தெருவில் கந்தல் பொறுக்கி வாழ்ந்தவர்களின் பிழைப்பை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அவர்கள் கொதித்தெழுந்தார்கள். பிரெஞ்சுப் பாஷையில் குப்பைத் தொட்டிக்கு இன்றும் அந்த அதிகாரியின் பெயர்தான். பொறுக்கியவர்களின் பெயர் எதற்கும் வைக்கப்படவில்லை!

தராசு யார் கையில்?

சென்னையைப் பற்றியே பேசுகிறீர்களே, நம் மலையில் என்ன குப்பை என்று கேட்பீர்கள். நம் மலையில் புதையல் மேலே வருவதைவிடக் கீழே போவதுதான் அதிகம்.

மாதம் ஒருமுறை மினி லாரி ஏறி வருகிறது. ஒலிபெருக்கியில் 'பழைய இரும்பு, பித்தளை, ஈயம், பிளாஸ்டிக்' என்று கூவுகிறது. பாட்டி காலத்துப் பித்தளை அண்டாவைக் கொடுத்து இரண்டு பிளாஸ்டிக் குடம் வாங்கிய வீடுகள் எத்தனை? கை தூக்குங்கள் என்றால் தாய்மார்கள் பாதிப்பேர் தூக்குவார்கள். பிளாஸ்டிக் குடம் இரண்டு வெயில் கண்டால் வெடித்துவிடும். பித்தளை நூறு வருஷம் உழைத்த பிறகும் கிலோவுக்குப் பல நூறு ரூபாய் பெறும். குடம் வாங்கிய நாளிலேயே நாம் நஷ்டப்பட்டோம்; அது நமக்குத் தெரியவில்லை.

எடையிலும் மோசம் நடக்கிறது. ஒருமுறை ஒரு தோழர் வீட்டில் உடைந்த கலப்பைக் கொழு, பழைய வண்டிப் பட்டை, தகரம் என்று ஒரு மூட்டை சேர்த்தார்கள். முதலில் வேறொரு தராசில் நிறுத்தோம்: 31 கிலோ. பிறகு வந்த வியாபாரியின் தராசில் அதே மூட்டை 24 கிலோ! ஏழு கிலோ இரும்பு நம் கண் முன்னால் காற்றில் கரைந்தது. நாம் முதல் எடையைச் சொன்னதும், 'பேட்டரி இறங்கிவிட்டது' என்றார். பேட்டரி இறங்கினால் எடை எப்போதும் ஏழையின் பக்கமே இறங்குவானேன்?

ஆகவே தெரிந்துகொள்ளுங்கள். வியாபாரத்துக்கு உபயோகிக்கும் ஒவ்வொரு தராசுக்கும் சர்க்கார் முத்திரை இருக்க வேண்டும். 2009-ஆம் வருஷத்து எடையளவுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் மாநிலத்தில் இதைக் கவனிக்கும் பொறுப்பு தொழிலாளர் துறைக்கு. முத்திரை எங்கே என்று கேளுங்கள். தனியாக விற்காதீர்கள், பத்து வீடு சேர்ந்து ஒரே நாளில் விற்றால் விலையும் ஏறும், தராசும் ஒழுங்காக நிற்கும்.

எதை எடுப்பது, எதைத் தொடக்கூடாது?

வெறும் கோஷத்தோடு நிறுத்த விரும்பவில்லை. வேலைக்காகக் கீழே போகும் தோழர்கள் இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுக்க வேண்டியவை: இரும்புக் கட்டில், எஃகு அலமாரி, பெஞ்சு, சைக்கிள், மிதி தையல் மெஷின், மரக் கதவு, ஜன்னல் சட்டம், பாத்திரம், புத்தகம். மரத்தைத் தட்டிப் பாருங்கள், தூக்கிப் பாருங்கள். நல்ல மரம் கனக்கும்; ஓரத்தில் நார் தெரியும். தூளை ஒட்டிச் செய்த பலகை தண்ணீர் பட்ட இடத்தில் உப்பியிருக்கும். அதை மலைக்குச் சுமந்து வராதீர்கள், ஒரு மழைக்கு நிற்காது. தையல் மெஷின் துருவேறி இருந்தாலும் சக்கரம் சுற்றினால் எடுங்கள். எண்ணெய் விட்டுத் துடைத்தால் ஒரு பெண்ணின் ஜீவனம். குக்கர் கிடைத்தால் வளையத்தையும் வால்வையும் புதிதாக மாற்றாமல் அடுப்பில் வைக்காதீர்கள்.

கட்டிலானாலும் மரச் சாமானானாலும் முதலில் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றுங்கள். மூட்டைப்பூச்சியும் முட்டையும் சாகும். இரண்டு நாள் நல்ல வெயிலில் போடுங்கள். இரும்பானால் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசுங்கள். எவன் செத்த கட்டிலோ என்ற பயத்துக்கும் இதுவே பரிகாரம். நோய்க் கிருமிக்கு வெந்நீரும் வெயிலும் போதும். பேய்க்கு எதுவும் தேவையில்லை, அது இல்லை.

தொடக்கூடாதவை: பஞ்சு மெத்தையும் ரப்பர் மெத்தையும் வேண்டாம், அதைக் கழுவ முடியாது. உப்பிப் போன செல்போன் பேட்டரியைத் தொடாதீர்கள், தீப்பிடிக்கும். குழல் விளக்கில் பாதரசம், பழைய டி.வி.யின் கண்ணாடியில் ஈயம். பழைய கல்நார்த் தகட்டை உடைக்காதீர்கள். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். செம்புக்காக ஒயரை எரிப்பது பெரிய தவறு. அந்தக் கறுப்புப் புகை விஷம். எரிப்பவன் நெஞ்சில்தான் முதலில் இறங்குகிறது. ஊசி, சிரிஞ்சு கலந்த மூட்டையை அவிழ்க்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று. தோட்டத்தில் காலியான பூச்சிமருந்து டப்பா அழகாக இருக்கிறது, மூடி இறுக்கமாக இருக்கிறது என்று அதில் தண்ணீரோ, மோரோ, எண்ணெயோ ஊற்றி வைக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அந்த விஷம் பிளாஸ்டிக்கிலிருந்து முழுதாகப் போகாது. மருந்து அடிக்கும் கூலித் தோழர்கள் அதை வீட்டுக்கு எடுத்துவருவது வழக்கமாக இருக்கிறது. இன்றோடு அதை நிறுத்துங்கள். மருந்து விற்றவனே டப்பாவையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று கேட்போம்.

போலீஸ் தொல்லைக்கு ஒரு யோசனை. போட்டவரிடம் கேட்டு எடுங்கள். வீட்டு வாசலிலேயே பொருளோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு துண்டுச் சீட்டு வாங்குங்கள். இரவில் தனியாகத் தூக்கிப் போகாதீர்கள். நாம் திருடர்கள் அல்ல என்று நிரூபிக்க வேண்டியிருப்பது அநியாயம்தான். ஆனால் அநியாயம் ஒழியும்வரை ஜாக்கிரதை வேண்டும்.

புனா நகரத்துப் பெண்கள்

தனியாக எடுத்தவன் திருடன். சேர்ந்து எடுத்தால் என்ன ஆகும்? மகாராஷ்டிரத்தில் புனா நகரத்துப் பெண்கள் காட்டியிருக்கிறார்கள். அங்கே குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். 1993-ல் அவர்கள் ஒரு தொழிற்சங்கம் கண்டார்கள். 'காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளர் பஞ்சாயத்து' என்று பெயருக்கு அர்த்தம். சுமைக்கூலித் தொழிலாளரைத் திரட்டிய பாபா ஆடவ் அவர்களோடு நின்றார். நாங்கள் பிச்சைக்காரர்களும் அல்ல, திருடர்களும் அல்ல, நகரத்தின் தொழிலாளிகள் என்றார்கள். அந்தப் பத்தாண்டிலேயே முனிசிபாலிடியின் அங்கீகாரம் பெற்ற அடையாள அட்டை அவர்கள் கழுத்தில் ஏறியது. ரோந்துப் போலீஸ் நிறுத்தினால் அட்டையைக் காட்டினார்கள். 2007-ல் 'ஸ்வச்' என்ற கூட்டுறவை அமைத்து, வீடு வீடாகக் குப்பை எடுக்கும் வேலையைத் தாங்களே ஏற்றார்கள். அதோடு நின்றுவிடவில்லை. வீடுகளில் கழிக்கும் பழைய துணி, நாற்காலி, மேஜை, மின்சாரச் சாமான்களைத் தனியாகச் சேகரித்து, உபயோகப்படுவதை மறுபடி உபயோகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். சென்னையில் எரியுலைக்குப் போகும் பாதையில் நிற்க வேண்டிய அந்தக் கண் எது என்று கேட்டோமே, அது இந்தப் பெண்களின் கண்தான்.

பிரேசில் நாட்டிலும் 2001-ல் இத்தகைய தொழிலாளர்கள் தேசிய இயக்கம் கண்டார்கள். மறு வருஷமே அந்த நாட்டுச் சர்க்கார் தன் தொழில்களின் பட்டியலில் இதையும் ஒரு தொழிலாகச் சேர்த்தது. நம் நாட்டிலும் 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள், குப்பை பொறுக்குவோரை அங்கீகரித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லின. 2024-ல் மத்திய சர்க்காரின் நமஸ்தே திட்டத்திலும் அவர்கள் சேர்க்கப்பட்டார்கள். ஏட்டில் வந்தது வீட்டுக்கு வர, புனாவில் போல ஒரு சங்கம் பின்னால் நிற்க வேண்டும்.

மலைக்கு ஒரு பாடமும் உண்டு. நீலகிரியில் உடைந்த சாராயப் பாட்டில் காட்டு விலங்கின் காலைக் கிழித்தது. ஹைகோர்ட் தலையிட்ட பிறகு, 2022-ல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைக் கொடுப்பது என்று டாஸ்மாக் கடைகளில் ஏற்பாடு வந்தது. பிறகு மற்ற ஜில்லாக்களுக்கும் பரவியது. குப்பைக்கு ஒரு விலை வைத்ததும் அது தானே நடந்து கடைக்குத் திரும்பியது! ஆனால் அதை வாங்கி அடுக்கும் கடை ஊழியருக்குக் கூடுதல் ஆளும் இடமும் கொடுக்காமல் வேலையை மட்டும் ஏற்றினார்கள், அவர்கள் ஆட்சேபித்தார்கள். ஆகவே பொருளுக்கு விலை வேண்டும். கைக்குக் கூலியும் வேண்டும். இரண்டில் ஒன்று போதாது.

நாம் கேட்பது

தோழர்களே! நம் கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம்.

1. சனிக்கிழமை வண்டியில் வரும் சாமான் எரியுலைக்குப் போகும் முன், தொழிலாளர் கூட்டுறவு நடத்தும் பட்டறைக்கு வர வேண்டும். சரி செய்யக்கூடியதைச் சரி செய்து, குறைந்த விலைக்கு விற்க வேண்டும். கட்டிலும் பெஞ்சும் முதலில் மலைப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் வர வேண்டும்.

2. குப்பை பொறுக்கும் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை, கையுறை, காலணி, வைத்திய வசதி வேண்டும். பழைய பொருள் தூக்கிப் போவதற்காக யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது.

3. நம் கடுக்காயையும் புளியையும் வாங்க மலைவாழ் மக்களுக்கென்று லாம்ப்ஸ் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அவை பழைய இரும்பு, பித்தளை, பிளாஸ்டிக்கையும் முத்திரைத் தராசில் வாங்க வேண்டும்.

4. பூச்சிமருந்துக் கம்பெனிகள் காலி டப்பாவைத் திரும்ப எடுக்க வேண்டும்.

5. இவை எதுவும் கூலி உயர்வுக்கோ, வேலை நாளுக்கோ, பட்டாவுக்கோ ஈடாகாது.

கேள்வி கேட்ட பெரியவர் முன் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்டிராவிட்டால் இத்தனை பேச்சும் வந்திராது; அவருக்கு நம் நன்றி. கட்டிலை உள்ளே எடுப்பதா, வேண்டாமா என்பதை அவரும் அவர் வீட்டு அம்மாளும் முடிவு செய்யட்டும். அம்மாளின் இடுப்பு என்ன சொல்கிறது என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கும்படி அவரை வேண்டிக்கொள்கிறோம். வெந்நீர் காய்ச்ச நம் தோழர்கள் வருவார்கள்.

உலகத்தில் உள்ள கட்டில்கள் எல்லாம் உழைப்பவன் செய்தவை. புதியதாய் வந்தாலும், பழையதாய் வந்தாலும், நம் பொருள் நம்மிடம் தலை நிமிர்ந்து வரட்டும். அதற்குச் சங்கம் வேண்டும். பத்து வீட்டில் தொடங்குங்கள். அடுத்த மினி லாரி மலை ஏறும்போது, தராசு நம் கையில் இருக்கட்டும்!